ஒரே பெட்டி, நாட்டுக்கொரு கணக்கு

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குள் நுழைந்ததும் பெட்ரோல் விலை மாறுகிறது. காரின் பாதுகாப்பு விதிகள் மாறுவதில்லை, ஏனெனில் மத்திய மோட்டார் வாகன விதிகளே இரு பக்கத்துக்கும் பொருந்தும். அதே கார் வெளிநாட்டில் விற்கப்படும்போது அதன் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கணக்கே மாறிவிடுகிறது.

முன் இருக்கைகளுக்கு நடுவே தரையோடு திருகப்பட்டிருக்கும் இந்தப் பெட்டி, வேகம் எவ்வளவு திடீரென்று குறைகிறது என்பதை ஓயாமல் அளக்கிறது. மோதல் என்று தெரிந்தால், சுமார் 15 முதல் 30 மில்லி விநாடிக்குள் பையை விரிக்க உத்தரவிட வேண்டும். மோதலில் பேட்டரி இணைப்பு அறுந்துபோகலாம் என்பதால், அதற்குரிய மின்சாரத்தை உள்ளேயே ஒரு மின்தேக்கி சேமித்து வைத்திருக்கும்.

எந்த அளவு மோதலுக்குப் பை விரிய வேண்டும் என்பதில்தான் சட்டம் குறுக்கிடுகிறது. அமெரிக்க விதி, சீட் பெல்ட் அணியாத பொம்மையையும் உட்காரவைத்து மணிக்கு 32 முதல் 40 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதிப் பார்க்கச் சொல்கிறது. ஐரோப்பிய விதியும், அதை ஒட்டி அமைந்த நமது வாகனத் தொழில் தரமான ஏ.ஐ.எஸ். 098-உம், பெல்ட் அணிந்த பொம்மையோடு 56 கி.மீ. வேகத்தில் சோதிக்கின்றன. பெல்ட் இல்லாதவர் விரைவாக முன்னே வந்துவிடுவதால், அமெரிக்கக் கார்களில் அவருக்குப் பொதுவாக 16 முதல் 19 கி.மீ. வேக மோதலிலேயே பை விரியும். பெல்ட் அணிந்தவருக்குச் சுமார் 26 கி.மீ. வரை அது காத்திருக்கும். இந்த எண்கள் பெட்டியின் நினைவகத்தில் பதியப்படுபவை என்பதால், ஒரே பெட்டியில் நாட்டுக்கு ஏற்ற கணக்கை ஏற்ற முடிகிறது.

எச்சரிக்கை ஒலியை அடக்க வெறும் கொக்கியை மட்டும் செருகிவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர்களை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. பெல்ட் நிலையைப் பார்த்து முடிவெடுக்கும் பெட்டி, அந்தக் கொக்கியை நம்பி, அவர் முன்னே பாய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் பொறுத்திருக்கும்.

பை விரிந்த பிறகும் விதிகள் வேறுபடுகின்றன. புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றின் உறவினர்கள் பிரான்ஸில் ஓட்டும் புதிய கார்களில், இந்தப் பெட்டியின் சமிக்ஞை கிடைத்ததும் இன்னொரு கருவி தானாகவே 112 எண்ணை அழைத்து இடத்தைத் தெரிவிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 மார்ச் 31 முதல் புதிய வகைக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. இங்கும் அவசர எண் 112தான். ஆனால் நமது ஏ.ஐ.எஸ். 140 தரம் பேருந்து, டாக்சி போன்ற பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கு இடங்காட்டும் கருவியையும் அவசரப் பொத்தானையும் கேட்கிறது. அந்தப் பொத்தானை உள்ளே இருப்பவர் எவரேனும் அழுத்த வேண்டும்.