பயனர் பேசினால் பாடம் கேட்காது

“கற்றல் செயலி ஒன்றைச் செய்து பத்துப் பேரிடம் காட்டினேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். வெளியிட்ட பிறகு பார்த்தால், பாதி வீடியோவிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். என்ன தவறு?” மல்டிமீடியா வடிவமைப்பு படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கருத்துக் கேட்டதுதான் தவறு. முகத்துக்கு நேரே குறை சொல்லப் பலருக்கு மனம் வராது. சொல்ல நினைப்பவருக்கும், எந்த நொடியில் தடுமாறினோம் என்பது நினைவில் இருக்காது. மனிதரை மையமாக வைத்த வடிவமைப்பை ஐஎஸ்ஓ 9241-210 என்ற சர்வதேசத் தரநிலை நான்கு வேலைகளின் சுழற்சியாகச் சொல்கிறது: பயன்படுத்தும் சூழலை அறிவது, தேவையை வரையறுப்பது, வடிவமைப்பது, மதிப்பிடுவது. முதல் மூன்றும் எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். நான்காவதில்தான் மல்டிமீடியாவுக்கென்று தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது.

சோதனைக்கு முழு வீடியோ தேவையில்லை. அசையாப் படங்களை வரிசையாக அடுக்கி, ஸ்கிரிப்டை போனில் வாசித்துப் பதிவு செய்து சேர்த்தாலே போதும். ஸ்டுடியோவில் குரல் பதிவை முடித்துவிட்டுச் சோதிப்பவர்கள், ஒரு வாக்கியம் புரியவில்லை என்று தெரிந்தாலும் மாற்றத் தயங்குவார்கள். மறுபதிவுக்கு ஆகும் செலவு கையைக் கட்டிப்போட்டுவிடும்.

பயனரிடம் கொடுக்கும் வேலையில் பட்டனின் பெயர் வரவே கூடாது. “வசன வரியைப் போடுங்கள்” என்றால் அவர் அந்தச் சொல்லைத் திரையில் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். “பக்கத்தில் ஒருவர் தூங்குகிறார், சத்தமில்லாமல் இந்தப் பாடத்தைப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கவனிக்க வேண்டும். அவர் திணறும்போது உதவப் போனால், எதைப் பார்க்க உட்கார்ந்தோமோ அது அந்த இடத்திலேயே மறைந்துவிடும்.

வழக்கமான செயலி என்றால், மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பயன்படுத்தச் சொல்வார்கள். படிவம் நிரப்புவதற்கு இந்த முறை அருமையாகப் பொருந்தும். குரல் ஓடும் வீடியோவில் இதே முறை சோதனையையே கெடுத்துவிடும். ஏன் என்பதற்கான விடை நம் மூளையில் இருக்கிறது.

வேலை நினைவகத்தில், அதாவது கையில் இருக்கும் தகவலைச் சில நொடிகள் பிடித்து வைத்துக் கையாளும் நினைவில், சொற்களுக்கென்று ஒரு சிறிய சுழல் இருப்பதாக உளவியலாளர்கள் ஆலன் பேடலியும் கிரஹாம் ஹிட்ச்சும் 1974இல் முன்வைத்த மாதிரி சொல்கிறது. காதில் விழுந்த சொல் ஓரிரு நொடிகளில் மங்கத் தொடங்கும். மனதுக்குள் அதைத் திரும்பச் சொல்லிச் சொல்லித்தான் பிடித்து வைக்கிறோம். அப்படித் திரும்பச் சொல்லும் அதே பாதைதான் வாய்விட்டுப் பேசவும் வேண்டும். அர்த்தமில்லாத ஒரு சொல்லை முணுமுணுத்துக்கொண்டே சொற்பட்டியல் ஒன்றைக் கேட்டால், நினைவில் நிற்கும் சொற்கள் கணிசமாகக் குறையும். ஆய்வகங்களில் திரும்பத் திரும்ப உறுதியான விளைவு இது. ஆகவே வீடியோ ஓடும்போது பயனரைப் பேசச் சொன்னால், பாடம் புரியாமல் போனதற்குப் பாடம் காரணமா, நாம் பேசச் சொன்னது காரணமா என்று பிரித்தறிய வழியே இருக்காது. படங்கள் மட்டும் ஓடும் பகுதியில் பாதிப்பு குறைவு. விளக்கம் அடர்த்தியாக இருக்கும் இடத்தில்தான், அதாவது நாம் சோதிக்க விரும்பும் இடத்திலேயே, பாதிப்பு அதிகம்.

தீர்வு எளிது. முதலில் அவர் அமைதியாகப் பார்க்கட்டும். திரையையும் விரலையும் பதிவு செய்யுங்கள். இரண்டு மூன்று நிமிடப் பகுதி முடிந்ததும் அந்தப் பதிவை அவருக்கே போட்டுக் காட்டி, அப்போது பேசச் சொல்லுங்கள். இதயம் பற்றிய பாடம் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதாவது நொடியில் அவர் விரல் வீடியோவைப் பின்னுக்கு இழுக்கிறது, உடனே மறுபடியும் இழுக்கிறது. அங்கே நிறுத்தி, “இங்கே என்ன நடந்தது?” என்று கேளுங்கள். குரல் வால்வைப் பற்றிப் பேசும்போது படம் அடுத்த அறைக்குப் போய்விட்டது என்பது அவர் வாயாலேயே வரும். “ஏன்?” என்று கேட்டால் காரணம் கற்பிக்கத் தொடங்கிவிடுவார். மறுநாள் கேட்டாலும் அதே கதைதான்.

எத்தனை பேர் வேண்டும்? ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதப் பிழைகளை வெளிக்கொணர்கிறார் என்று பயன்பாட்டு எளிமை பற்றி ஆய்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் கணக்கிட்டார்கள். தப்புவது 0.69 பங்கு. ஐந்து பேருக்குப் பிறகு 0.69இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 0.16 பங்குதான் மிஞ்சும். 84 சதவீதம் சிக்கிவிடும். பதினைந்து பேரை அழைக்கப் பணம் இருந்தால், ஒரே நாளில் உட்கார வைக்காமல் ஐந்தைந்து பேராக மூன்று சுற்று நடத்துங்கள். ஒவ்வொரு சுற்றிலும் புது ஆட்கள், நடுவில் திருத்தம். கண்ணசைவைப் பதியும் கருவி வாங்கத் தயங்காத நிறுவனங்கள், பயனர்களுக்குக் கொடுக்கும் சிறு தொகைக்குக் கணக்குப் பார்ப்பது எனக்குப் புரிவதே இல்லை. எதையும் மூன்று கிளிக்கில் அடைந்தாக வேண்டும் என்ற மூடநம்பிக்கைக்குக் கிடைக்கும் மரியாதையில் கொஞ்சமாவது இந்த எளிய கணக்குக்கும் கிடைக்க வேண்டும்.

ஆனால் 31 என்பது சராசரி. பத்தில் ஒருவரை மட்டும் தாக்கும் பிழை ஐந்து பேரில் தென்பட 41 சதவீத வாய்ப்புதான். அதை 90 சதவீதமாக்க 22 பேர் வேண்டும். அதைவிட அரிதானதை ஆட்களை வைத்துப் பிடிக்கப் பார்க்கவே கூடாது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போகிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதால், அறுநூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். ஒளியால் வலிப்பு வரக்கூடியவர் உங்கள் ஐந்து பேரில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தால் அந்தச் சோதனையே அவருக்கு ஆபத்து. அதனால் வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டி, திரை எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். இணைய அணுகல்தன்மை விதிகள் பொதுவாக அனுமதிப்பது எந்த ஒரு நொடியிலும் அதிகபட்சம் மூன்று முறை.