கணினிக்குள் இருக்கும் இரண்டாவது விண்டோஸ்

2024 ஜனவரி 9, மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. மைக்ரோசாஃப்ட் வழக்கம்போல அன்றைக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகளை வெளியிட்டது. அவற்றில் ஒன்று விண்டோஸ் 10-க்கான கேபி5034441. ஏராளமான கணினிகளில் அது இறங்கியது, நிறுவத் தொடங்கியது, பாதியில் நின்றது, 80070643 என்ற பிழை எண்ணைக் காட்டியது. விட்டுவிட்டால் தானாகவே மறுபடி முயன்றது. மறுபடியும் அதே எண். கணினியில் வேறு எந்தக் குறையும் இல்லை. சி டிரைவில் நூறு ஜிபி காலியாக வைத்திருந்தவர்களுக்கும் இதே கதிதான்.

கோளாறு சி டிரைவில் இல்லை. அதற்குப் பக்கத்தில், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் கண்ணுக்கே படாமல் இருக்கும் ரெக்கவரி பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கில் தனியாகப் பிரித்து வைத்த மீட்புப் பகுதியில் இருந்தது. பெரும்பாலும் 500 எம்பி அளவுதான் இருக்கும். நிறையப் பேர் அதை ஏதோ கம்பெனி வைத்த பகுதி என்று கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அழித்தவர்களும் உண்டு. உண்மையில் அதற்குள் இருப்பது இன்னொரு விண்டோஸ். சிறியது, ஆனால் தனியாகவே பூட் ஆகக்கூடியது.

அதன் பெயர் விண்டோஸ் ரெக்கவரி என்விரான்மென்ட், சுருக்கமாக வின்ஆர்ஈ. மொத்தமும் 'வின்ஆர்ஈ.விம்' என்ற ஒரே சுருக்கப்பட்ட கோப்பில் அடங்கியிருக்கிறது. முதன்மை விண்டோஸ் அடுத்தடுத்து இரண்டு முறை எழுந்திருக்க முடியாமல் போனால், பூட் மேனேஜர் இந்தக் கோப்பை எடுத்து ரேமுக்குள் விரிக்கிறது. ரேமிலேயே ஒரு தற்காலிக டிரைவ் உருவாகிறது. அதற்கு 'எக்ஸ்' என்று எழுத்து. நீல நிறத் திரையில் 'டிரபுள்ஷூட்' என்று பார்த்திருப்பீர்களே, அது அங்கிருந்துதான் வருகிறது. ரேமில் ஓடுவதால் டிஸ்க்கில் உள்ள விண்டோஸை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பழுது பார்க்க அதனால் முடிகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இயங்குதளம் தன்னைத் தானே அப்படிச் செய்துகொள்ள முடியாது.

சரி, அவசரத்துக்கு மட்டும் எழும் ஒன்றுக்கு எதற்கு அப்டேட்? இங்கேதான் பிட்லாக்கர் வருகிறது.

பிட்லாக்கர் சி டிரைவ் முழுவதையும் குறியாக்கம் செய்துவிடும். அதைத் திறக்கும் சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் சிப்பின் பாதுகாப்பில் இருக்கிறது. கணினி பூட் ஆகும்போது ஒவ்வொரு படியும் அளக்கப்படுகிறது. எல்லாம் எப்போதும்போல இருந்தால்தான் சிப் சாவியைத் தரும். லேப்டாப்பைத் திருடியவன் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எதையும் படிக்க முடியாது. ஆனால் கணினி கெட்டுப்போன நேரத்தில் வின்ஆர்ஈ உள்ளே போய்ப் பழுது பார்க்க வேண்டுமே? அதனால் வின்ஆர்ஈயும் நம்பகமானது என்று பதிவு செய்யப்பட்டிருக்கிறது. தானியங்கிப் பழுதுபார்ப்பு போன்ற வேலைகளுக்கு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்காமலே டிரைவ் திறக்கும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் போன்ற வசதிகளுக்குப் போனால் கேட்கும்.

இந்த நம்பிக்கையில் ஓர் ஓட்டை இருந்தது. சிவிஇ-2024-20666 என்று பதிவான அந்தக் குறையைப் பயன்படுத்தி, கணினியைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் வின்ஆர்ஈ வழியாகக் குறியாக்கத்தைக் கடந்து தகவல்களை அடைய முடியும். சி டிரைவில் உள்ள விண்டோஸை எவ்வளவு ஒட்டுப்போட்டாலும் இந்த ஓட்டை அடைபடாது. ஓட்டை இருப்பது பக்கத்துப் பார்ட்டிஷனில் உள்ள கோப்புக்குள். அதைத் திருத்தத்தான் கேபி5034441 வந்தது.

திருத்துவதற்கு இடம் வேண்டும். விம் கோப்பை விரித்து, உள்ளே மாற்ற வேண்டியதை மாற்றி, மறுபடி சுருக்கி எழுதும்போது அது முன்பைவிடப் பெரிதாகிறது. ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியாக இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. 500 எம்பி பார்ட்டிஷனில் பெரும்பகுதியை அந்த ஒரு கோப்பே அடைத்துக்கொண்டிருக்கும்போது 250 எம்பிக்கு எங்கே போவது? விண்டோஸை முதன்முதலில் நிறுவிய நாளில் அந்தப் பார்ட்டிஷனுக்கு ஓர் அளவு வைத்தார்கள். உள்ளே இருப்பது வளரும் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

பிழை எண்ணையும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். விண்டோஸ் பிழை எண்கள் பதினாறை அடிமானமாகக் கொண்டவை. 8007 என்று தொடங்கினால், பின்னால் வருவது விண்டோஸின் பொதுவான பிழைப் பட்டியலில் உள்ள வரிசை எண். 80070643-இல் கடைசி மூன்று இலக்கம் 643. அதைப் பத்தடிமானத்துக்கு மாற்றினால் 1603. அந்த எண்ணுக்குப் பட்டியலில் உள்ள விளக்கம்: 'நிறுவும்போது பெரும் பிழை'. ஏன் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. இதே பட்டியலில் 112 என்றொரு எண் உண்டு, 'டிஸ்க்கில் இடம் போதவில்லை' என்று பொருள். அது வந்திருந்தால் 80070070 என்று காட்டியிருக்கும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பார்கள். இடப் பற்றாக்குறைக்கான சரியான செய்திக்குப் பதில் தவறான எண் காட்டப்படலாம் என்பதை மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டது. அதற்குள் எத்தனையோ பேர் அப்டேட் கோப்புகள் சேரும் ஃபோல்டரைக் காலி செய்து பார்த்தார்கள். 'எஸ்எஃப்சி', 'டிஸம்' என்று சிஸ்டம் கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளைகளை ஓடவிட்டார்கள். விண்டோஸையே திரும்ப நிறுவியவர்களும் இருந்தார்கள். அந்தக் கட்டளைகள் வேறு நோய்க்கு நல்ல மருந்து. இடம் இல்லாத பார்ட்டிஷனை அவற்றால் பெரிதாக்க முடியாது. அப்டேட் தோற்றால் எந்தப் பிழை, எந்தப் பார்ட்டிஷனைத் தொடும் அப்டேட் என்று முதலில் பார்ப்பது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

அப்புறம், சி டிரைவில் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, அதில் 250 எம்பியைத் தூக்கி அந்தப் பக்கம் கொடுத்தால் என்ன? எல்லோருக்கும் தோன்றும் கேள்விதான். டிஸ்க்கின் அமைப்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை. புதிதாக விண்டோஸ் நிறுவிய ஒரு டிஸ்க்கில் பார்ட்டிஷன்கள் பெரும்பாலும் இந்த வரிசையில் இருக்கும்: பூட் கோப்புகளுக்கான 100 எம்பி, விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கும் 16 எம்பி, பிறகு பெரிய சி டிரைவ், கடைசியில் ரெக்கவரி. ஒரே தெருவில் வரிசையாக அளந்து கல் நட்ட மனைகள் மாதிரி. சி டிரைவின் வால் பக்கம் 250 எம்பியை வெட்டினால் அந்தக் காலியிடம் ரெக்கவரிக்கு இடப்பக்கம் விழுகிறது. என்டிஎஃப்எஸ் கோப்பு முறையோ தன் இடத்தையெல்லாம் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்துதான் எண்ணுகிறது: இந்தக் கோப்பு இத்தனையாவது கட்டத்தில் தொடங்குகிறது என்று. வலப்பக்கம் இடம் சேர்ந்தால் கடைசிக் கட்டத்துக்குப் பிறகு இன்னும் சில கட்டங்கள், அவ்வளவுதான். இடப்பக்கம் சேர்ந்தால் தொடக்கமே நகர்கிறது. பழைய எண்கள் ஒன்றுகூடப் பொருந்தாது, உள்ளே இருப்பதையெல்லாம் இடம் மாற்றியாக வேண்டும். அதனால் விண்டோஸ் தரும் கருவிகளால் பார்ட்டிஷனை வலப்பக்கம் மட்டுமே நீட்ட முடியும்.

சுற்றுவழி ஒன்று இருக்கிறது. ரெக்கவரி பார்ட்டிஷனில் முக்கியமாக இருப்பது ஒரே ஒரு விம் கோப்புதானே? அதை வேறிடத்தில் வைத்துவிட்டு, பார்ட்டிஷனையே அழித்து, இரண்டு இடத்தையும் சேர்த்துப் புதிதாக ஒன்றை உருவாக்கி, கோப்பைத் திரும்ப உள்ளே வைக்கலாம். மைக்ரோசாஃப்ட் சொல்லும் வழிமுறையும் இதுவே.

நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் பிராம்ப்டில் 'ரீஏஜென்ட்சி' என்ற கருவியை 'இன்ஃபோ' என்று கேட்டால், வின்ஆர்ஈ இயங்கும் நிலையில் இருக்கிறதா, எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும். 'ஹார்ட்டிஸ்க்0, பார்ட்டிஷன்4' என்பதுபோல ஒரு நீண்ட முகவரி வரும். டிஸ்க்குகளைச் சுழியத்திலிருந்தும் பார்ட்டிஷன்களை ஒன்றிலிருந்தும் எண்ணுகிறது என்பதை நினைவில் வையுங்கள். தவறான பார்ட்டிஷனை அழிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்வது நல்லது. அடுத்து 'டிஸேபிள்' என்று கட்டளை கொடுத்தால் வின்ஆர்ஈ நிறுத்தப்பட்டு, விம் கோப்பு சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ரெக்கவரி என்ற ஃபோல்டருக்கு வந்து சேர வேண்டும்.

'வேண்டும்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சில கணினிகளில் வராது. அந்த ஃபோல்டரைத் திறந்து, மறைந்த கோப்புகளையும் காட்டச் சொல்லி, விம் கோப்பு இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். பார்க்காமல் பார்ட்டிஷனை அழித்துவிட்டால், வேறெங்கும் பிரதி இல்லாத மீட்பு விண்டோஸ் அதோடு போய்விடும். பிறகு நிறுவல் ஐஎஸ்ஓ கோப்புக்குள் புகுந்து அதைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

கோப்பு பத்திரமாக இருக்கிறது என்றால், 'டிஸ்க்பார்ட்' கருவியில் சி டிரைவைத் தேர்ந்து 250 எம்பி சுருக்க வேண்டும். சில நேரம் இது மறுக்கும், காலியிடம் ஏராளமாக இருந்தும். ரேமுக்குத் துணையாக விண்டோஸ் வைத்திருக்கும் பேஜ்ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு போன்ற நகர்த்த முடியாத கோப்புகள் சி டிரைவின் கடைசிப் பகுதியில் உட்கார்ந்திருந்தால் அதற்கு மேல் வெட்ட வழியில்லை. ஹைபர்னேஷனையும் பேஜ்ஃபைலையும் தற்காலிகமாக நிறுத்தி, கணினியை ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயன்றால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிறகு பழைய ரெக்கவரி பார்ட்டிஷனைத் தேர்ந்து அழிக்க வேண்டும். சாதாரணமாகச் சொன்னால் டிஸ்க்பார்ட் கேட்காது. 'ஓவர்ரைடு' (override) என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காரணம், டிஸ்க்கில் எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று எழுதி வைக்கும் ஜிபிடி அட்டவணையில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் 64 பிட் கொண்ட ஒரு குறிப்பு வரி உண்டு. ரெக்கவரிக்கு அதில் முதல் பிட்டும் கடைசிப் பிட்டும் போடப்பட்டிருக்கும். முதலாவது, 'இந்தக் கணினி இயங்க இது தேவை, தொடாதே' என்கிறது. கடைசியானது, 'இதற்கு டிரைவ் எழுத்து கொடுக்காதே' என்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அது தென்படாமல் இருக்கக் காரணம் இந்தக் கடைசிப் பிட்தான். புதிய பார்ட்டிஷனை உருவாக்கும்போது ரெக்கவரி வகையைக் குறிக்கும் நீண்ட அடையாள எண்ணையும் இந்த இரண்டு பிட்டையும் நாமே கொடுக்க வேண்டும். பழைய எம்பிஆர் முறை டிஸ்க்காக இருந்தால் அடையாள எண் வெறும் 27. என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்து, வெளியே வந்து ரீஏஜென்ட்சியை 'எனேபிள்' என்று சொன்னால் கோப்பு புதிய வீட்டுக்குப் போய்விடும். மறுபடி 'இன்ஃபோ' கேட்டு, நிலையையும் முகவரியையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு முக்கியமான கோப்புகளுக்குப் பேக்கப் எடுத்து, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி, மீட்பு எண்ணையும் கையில் வைத்திருக்க வேண்டும். ரெக்கவரி பார்ட்டிஷன் சி டிரைவுக்கு முன்னால், டிஸ்க்கின் தொடக்கத்தில் இருந்தால் இந்த வழி அப்படியே பொருந்தாது. விண்டோஸ் 10-இன் பழைய பதிப்புகளை நிறுவிய கணினிகளில் அப்படி இருக்கும். அங்கே சி டிரைவின் வலப்பக்கம் புதிதாக ஒரு ரெக்கவரி பார்ட்டிஷன் உருவாக்குவதே வழி. மைக்ரோசாஃப்ட் இப்போது பரிந்துரைக்கும் இடமும் சி டிரைவுக்கு அடுத்ததுதான். அங்கே இருந்தால் சி டிரைவைச் சுருக்கி, பார்ட்டிஷனைப் பெரிதாக மாற்றி அமைக்க முடியும்.

இவ்வளவையும் வீட்டில் கணினி வைத்திருக்கும் ஒருவர் கருப்புத் திரையில் தட்டச்சு செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். 2024 ஏப்ரல் கடைசியில், இதற்குத் தானியங்கித் தீர்வு எதுவும் வராது, கையால்தான் செய்ய வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. மின்சாரம் போனாலும் பாதியில் சிக்கினாலும் ஆபத்து என்பதால், கோடிக்கணக்கான கணினிகளில் பார்ட்டிஷனைத் தொலைவிலிருந்து அழித்து உருவாக்க யாரும் தயங்குவார்கள், அது புரிகிறது. ஆனால் ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியாக இல்லை என்று தெளிவாகச் சொல்லும் ஒரு பிழைச் செய்திக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை.

அதே ஆண்டு ஜூலை 19 அன்று, இந்தச் சின்னப் பார்ட்டிஷன் என்ன செய்யும் என்பதை உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பழுதான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. தீர்வு எளிது: ஒரே ஒரு கோப்பை அழிக்க வேண்டும். விண்டோஸே எழாத கணினியில் எப்படி அழிப்பது? பெரும்பாலான இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கணினியாகப் போய், வின்ஆர்ஈக்குள் நுழைந்து, அங்கிருந்து கமாண்ட் பிராம்ப்டையோ சேஃப் மோடையோ பிடித்தார்கள். பிட்லாக்கர் போட்ட கணினிகளில் 48 இலக்கத்தையும் தட்ட வேண்டியிருந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, வின்ஆர்ஈயே இணையத்தில் இணைந்து மைக்ரோசாஃப்டிடமிருந்து தீர்வை இறக்கிக்கொள்ளும் 'க்விக் மெஷின் ரெக்கவரி' என்ற வசதி விண்டோஸ் 11-க்கு வந்திருக்கிறது.

வின்ஆர்ஈ புதுப்பிக்கப்படுவதாலேயே கெடவும் கூடும். 2025 அக்டோபர் 14-இல் வந்த கேபி5066835 அப்டேட்டுக்குப் பிறகு, விண்டோஸ் 11 கணினிகளில் மீட்புத் திரை வந்தது, ஆனால் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் அதில் வேலை செய்யவில்லை. முதன்மை விண்டோஸில் இரண்டும் நன்றாகவே இயங்கின. அதனால் மீட்புத் திரைக்குள் போகும்வரை யாருக்கும் தெரியாது. அக்டோபர் 20-இல் கேபி5070773 அவசரமாக வந்து சரி செய்தது. நல்லபடியாகப் பூட் ஆகும் கணினிகளுக்கு அது போதும். ஏற்கெனவே மீட்புத் திரையில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தொடுதிரையோ பழைய உருண்டை முனை பிஎஸ்/2 கீபோர்டோ இருந்தால்தான் வழி. இல்லையென்றால் முன்பே செய்து வைத்த யூஎஸ்பி மீட்பு டிரைவ்.

அந்த டிரைவை விண்டோஸில் உள்ள 'ரெக்கவரி டிரைவ்' கருவியே செய்து தரும். சிஸ்டம் கோப்புகளையும் சேர்க்கச் சொன்னால் 16 ஜிபி பென்டிரைவாவது வேண்டும். அதில் இருக்கும் வின்ஆர்ஈ அதைச் செய்த நாளின் பதிப்பாகவே நின்றுவிடும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். செய்து முடித்ததும் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட்டைத் தட்டி, கணினியின் சொந்த மீட்புத் திரைக்குள்ளும் ஒருமுறை போய்ப் பாருங்கள். கீபோர்டு வேலை செய்கிறதா, கமாண்ட் பிராம்ப்ட் திறக்கிறதா, 48 இலக்கம் கேட்டால் அந்த எண் உங்களிடம் இருக்கிறதா என்று இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்த கணினி என்றால், அந்த எண் பெரும்பாலும் கணக்கின் இணையப் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். அலுவலகக் கணினி என்றால் அங்குள்ள ஐடி பிரிவிடம் இருக்கும்.