குலுக்கிப் பார்த்தால் தெரியும்

"நோய் கண்ட இடங்களை வரைபடத்தில் குறித்தால் புள்ளிகள் கொத்துக் கொத்தாகத் தெரிகின்றன. அது உண்மையா, கண்ணின் மயக்கமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கண்ணை நம்ப முடியாது. இரண்டாம் உலகப் போரில் லண்டன்மீது ஜெர்மனி ஏவிய வி-1 என்னும் பறக்கும் குண்டுகள் விழுந்தபோது, சில பகுதிகளையே குறிபார்த்து அடிக்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. ஆர். டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்கியலாளர் தெற்கு லண்டனை 576 கட்டங்களாகப் பிரித்து எண்ணினார். குண்டுகள் 537, ஒன்றுகூட விழாத கட்டங்கள் 229. குருட்டாம்போக்கில் விழுந்திருந்தால் சுமார் 227 தப்பியிருக்கும் என்றது கணக்கு. குறியும் இல்லை, ஒன்றும் இல்லை.

கிளார்க்கிடம் அதற்கொரு சூத்திரம் இருந்தது. சூத்திரமே இல்லாமலும் சோதிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி அதுதான்.

ஒரு தோப்பில் வரிசைக்குப் பத்தாக 100 மரங்கள். 20 மரங்களில் நோய். கிடையாகவும் நெடுக்காகவும் அடுத்தடுத்து நிற்கும் ஜோடிகள் 180. அவற்றில் இரண்டுமே நோயுற்ற ஜோடிகள் 15 என்று வைத்துக்கொள்வோம். இது அதிகமா? சரி, 100 சீட்டுகளை எடுங்கள். இருபதில் சிவப்புப் பொட்டு வைத்து, நன்றாகக் குலுக்கி, பத்துக்குப் பத்தாகப் பரப்புங்கள். பொட்டும் பொட்டும் ஒட்டி நிற்கும் இடங்களை எண்ணுங்கள்: 6. மறுபடி குலுக்கினால் 9. அப்புறம் 5. சராசரி 7-ஐ ஒட்டியே வரும். மரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன, நோய் மட்டும் இடம் மாறுகிறது. தற்செயல் எப்படி இருக்கும் என்பதை அந்தத் தோப்பே நமக்குக் காட்டிவிடுகிறது!

கணினியில் 999 முறை குலுக்குகிறோம். 4 முறை மட்டும் 15-ஐ எட்டியது என்றால், நிஜத் தோப்பையும் ஒரு குலுக்கலாகச் சேர்த்து, ஆயிரத்தில் ஐந்து முறைதான் இவ்வளவு ஜோடிகள் வருகின்றன. தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாத அளவு இது.

பள்ளியில் சூத்திரங்களுக்கு முன்னால் இந்தச் சீட்டு விளையாட்டைத்தான் சொல்லித்தர வேண்டும். அடுத்தடுத்து மூன்று கெட்டது நடந்தால் உடனே சகுனம் பார்க்கக் கிளம்பும் பழக்கம் அப்போதுதான் போகும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தோப்பில் பாதி தாழ்வான ஈர நிலம், நோய் ஈரத்தில்தான் அதிகம் வரும் என்றால், மொத்தமாகக் குலுக்கினால் ஈரம் செய்த வேலையை, மரத்துக்கு மரம் பரவும் தொற்று செய்ததாக நினைத்துவிடுவோம். அப்போது ஈரப் பாதியைத் தனியாக, மேட்டுப் பாதியைத் தனியாகக் குலுக்க வேண்டும்.