கண்ணாடிக்குப் பின்னால் போகும் தாள்

நிழற்படத்தை அச்சிட்டுச் சட்டமிட்டு விற்க நினைப்பவர்கள், மாதிரித் தாள்களைக் கையில் எடுத்துத் தடவியும் வெளிச்சத்தில் சாய்த்தும் பார்த்துத்தான் பெரும்பாலும் தாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் படத்தை வாங்குபவர் அந்தத் தாளைத் தொடப்போவதே இல்லை. அவர் பார்க்கப்போவது கண்ணாடிக்குப் பின்னால், வீட்டு விளக்கின் ஒளியில், ஆண்டுக்கணக்கில் தொங்கும் ஒரு பரப்பை. அந்த நிலையில் தாள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை வைத்து முடிவெடுத்தால், விலையுயர்ந்த சில தாள்களின் சிறப்பு காணாமல் போவதையும், கடையில் சுமாராகத் தோன்றிய சில தாள்கள் முன்னுக்கு வருவதையும் காணலாம்.

இன்க்ஜெட் நிழற்படத் தாளில் இரண்டு பகுதிகள் உண்டு. அடியில் இருப்பது மரக்கூழாலோ பருத்தியாலோ ஆன அடித்தாள்; அதன்மேல் இருப்பது மையைப் பிடித்துக்கொள்ளும் மெல்லிய பூச்சு. சிலிக்கா அல்லது அலுமினா நுண்துகள்களைப் பாலிவினைல் ஆல்கஹால் போன்ற பிணைப்புப் பொருளோடு கலந்து பூசும்போது, துகள்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகின்றன. மைத்துளி விழுந்ததும் அதிலுள்ள நீரை இத்துளைகள் நொடிப்பொழுதில் உறிஞ்சிக்கொள்கின்றன. நிறமி மையாக இருந்தால் அதன் திடத்துகள்கள் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகின்றன. சாய மை அப்படியல்ல. அதன் மூலக்கூறுகள் நீரோடு சேர்ந்து துளைகளுக்குள் இறங்கி, அங்கே காற்றுக்குத் திறந்த நிலையில் கிடக்கின்றன.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை இத்துறை பட்டுத்தான் தெரிந்துகொண்டது. இசைக்கலைஞர் கிரஹாம் நாஷ் 1991-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய அச்சகத்தில், பதிப்பகங்களின் மெய்ப்புக்காக உருவாக்கப்பட்ட ஐரிஸ் அச்சுப்பொறியைக் கொண்டு கலைப்படங்களை அச்சிட்டார்கள். படங்கள் அழகாக இருந்தன. ஆனால் தொடக்க கால ஐரிஸ் மைகள் சாய மைகள், சில ஆண்டுகளிலேயே மங்கக் கூடியவை. பிறகு 2000-ல் எப்சன் நிறுவனத்தின் ஸ்டைலஸ் போட்டோ 1270 அச்சுப்பொறியில் நுண்துளைத் தாளில் எடுத்த படங்கள், சில வீடுகளில் வாரக்கணக்கிலேயே ஆரஞ்சு நிறமாக மாறின. காற்றிலுள்ள ஓசோன் போன்ற வாயுக்கள் துளைகள் வழியே புகுந்து சியான் என்னும் பசுநீலச் சாயத்தைச் சிதைத்ததுதான் காரணம். கண்ணாடியிட்ட படத்தில் காற்றோட்டம் குறைவு என்பதால் இந்தச் சேதமும் குறைவு. இருந்தாலும், விற்பனைக்கு எடுக்கும் படம் நிறமி மையில்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அடுத்து கருமை. பளபளப்பான பரப்பு தன்மேல் விழும் ஒளியின் ஒரு பகுதியைக் கண்ணாடிபோல ஒரே திசையில் திருப்பி அனுப்புகிறது. சற்று விலகி நின்றால் அது நம் கண்ணில் படாது. பளபளப்பில்லாத மேட் பரப்போ அதே ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால், எங்கிருந்து பார்த்தாலும் கருப்பின்மேல் மெல்லிய வெளிறல் படர்ந்திருக்கும். அளந்து பார்த்தால், நல்ல பளபளப்புத் தாளின் அடர்கருப்பு 100 பங்கு ஒளியில் சுமார் அரைப் பங்கையே திருப்பித் தருகிறது. மேட் தாளின் கருப்பு சுமார் 2 பங்கைத் தருகிறது. நான்கு மடங்கு வேறுபாடு. கையில் வைத்துப் பார்க்கும்போது மேட் தாள் தோற்றுப்போவதன் காரணம் இதுதான்.

கண்ணாடி வந்ததும் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. சாதாரணக் கண்ணாடி ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 4 விழுக்காடு, ஆக மொத்தம் 8 விழுக்காடு ஒளியைப் பிரதிபலிக்கும். படத்துக்கு எதிரே, அதே அளவு வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தச் சுவரின் பிம்பமாக ஏறக்குறைய 6 பங்கு ஒளி படத்தின் மேல் வந்து சேர்கிறது. இப்போது பளபளப்புத் தாளின் கருப்பு 6.5, மேட் தாளின் கருப்பு 8. நான்கு மடங்காக இருந்த வேறுபாடு கால் பங்குக்கும் கீழே சுருங்கிவிட்டது. பிரதிபலிப்பை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே குறைக்கும் பூச்சுக் கண்ணாடியைப் போட்டால், வேறுபாடு மீண்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். ஆகவே அந்த விலையுயர்ந்த கண்ணாடிக்குச் செலவிடத் தயாராக இருப்பவருக்கு, பேரியம் சல்ஃபேட் அடுக்கைக் கொண்ட பளபளப்பு வகையான பரைட்டா தாள் தன் முழு ஆழத்தையும் காட்டும். சாதாரணக் கண்ணாடிதான் என்றால், வழுவழுப்பான மேட் தாளே என் தேர்வு. சொரசொரப்பான மேற்பரப்புள்ள தாள்களுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. அந்தச் சொரசொரப்பின் பெரும்பகுதி கண்ணாடிக்குப் பின்னால் கண்ணுக்கே எட்டாது.

வெண்மையும் இப்படி ஏமாற்றக் கூடியதே. பல தாள்கள் பளீரென்று வெண்மையாகத் தெரிவதற்குக் காரணம், அவற்றில் சேர்க்கப்படும் ஒளிர்வூட்டிகள் என்னும் வேதிப்பொருள்கள். அவை கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை உறிஞ்சி நீல ஒளியாக உமிழ்ந்து, தாளின் இயல்பான மஞ்சள் சாயலை மறைக்கின்றன. புற ஊதா இல்லாவிட்டால் அவற்றுக்கு வேலை இல்லை. வீடுகளிலும் காட்சிக்கூடங்களிலும் இன்றுள்ள வெள்ளை எல்.இ.டி. விளக்குகளில் பெரும்பாலானவை புற ஊதாவை ஏறக்குறைய உமிழ்வதே இல்லை. படத்தைக் காக்கவென்று போடும் வடிகட்டிக் கண்ணாடியும் அதைத் தடுத்துவிடுகிறது. கடை வாசலின் பகலொளியில் வெள்ளையாக இருந்த தாள், சட்டத்துக்குள் சென்றதும், படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டைக்குப் பக்கத்தில் மஞ்சளாகத் தெரிவது இதனால்தான். காலப்போக்கில் ஒளிர்வூட்டிகள் தாமே சிதைந்தும் போகின்றன. சோதிப்பது எளிது: கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கப் பயன்படும் புற ஊதா விளக்கை இருட்டில் தாளின்மேல் காட்டுங்கள். ஒளிர்வூட்டி கலந்த தாள் நீலமாகச் சுடர்விடும். கலக்காத தாள், ரூபாய்த்தாளைப் போலவே, மங்கலாகக் கிடக்கும். விளக்கைத் தாளின் பின்புறத்திலும் காட்டிப் பார்க்க வேண்டும். சில தாள்களில் பூச்சு சுத்தமாகவும் அடித்தாள் ஒளிர்வதாகவும் இருக்கும்.

அடித்தாளைப் பொறுத்தவரை எதிரிகள் இரண்டு. ஒன்று, மரத்திலுள்ள லிக்னின். ஒளியும் காற்றும் பட்டு அது பழுப்பாகிறது. மற்றொன்று அமிலம், அது செல்லுலோஸ் சங்கிலிகளைத் துண்டித்துத் தாளை நொறுங்க வைக்கிறது. பருத்தியில் இயல்பாகவே லிக்னின் இல்லை; நன்கு சுத்திகரித்த மரக்கூழிலும் அது நீக்கப்பட்டுவிடுகிறது. அமிலத்தை எதிர்கொள்ளத் தாளில் கால்சியம் கார்பனேட் சேர்க்கிறார்கள், நெடுநாள் நிலைக்கும் தாளுக்கான ஐ.எஸ்.ஓ. 9706 என்னும் பன்னாட்டுத் தரம் அதற்குக் குறைந்தது 2 விழுக்காட்டுக்கு இணையான இருப்பைக் கேட்கிறது. பருத்தி என்ற பெயருக்காக மட்டும் இரட்டிப்பு விலை கொடுக்கத் தேவையில்லை. அமிலமும் லிக்னினும் நீக்கிய மரக்கூழ்த் தாளும் நன்றாகவே நிலைக்கும். தாள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மலிவான மவுண்ட் அட்டையின் அமிலம் அதற்குள் கசிந்து, வெட்டுவிளிம்பை ஒட்டிப் பழுப்புக் கோடு விழ வைக்கும். எனவே அட்டையையும் அதே கண்டிப்போடு வாங்க வேண்டும்.

சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மற்றக் கடலோர ஊர்களிலும் ஈரப்பதத்தைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். செல்லுலோஸ் நார்கள் ஈரத்தை இழுத்துப் பக்கவாட்டில் பருப்பதால் தாள் விரிந்து அலையலையாக எழும்பும். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அளவிலான கனத் தாள் இதை ஓரளவு தாங்கும். நான்கு பக்கமும் ஒட்டிவிட்டால் எந்தத் தாளும் தாங்காது. மேல்விளிம்பில் மட்டும், ஜப்பானியத் தாள் கீல்களைக் கோதுமை மாச்சத்துப் பசையால் ஒட்டித் தொங்கவிட்டால், தாள் தடையின்றி விரிந்து சுருங்கும். மவுண்ட் அட்டையின் கனம், படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்றிடைவெளியை உண்டாக்குகிறது. அந்த இடைவெளி இல்லையென்றால், மழைக்காலத்தில் பளபளப்பான பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். பிறகு படத்தைக் கிழிக்காமல் எடுப்பது அரிது.

இருபுறமும் பாலித்தீன் படலம் பூசிய ஆர்.சி. தாளில் அச்சிட்டால், சட்டமிட அவசரப்படக் கூடாது. மையில் நீரோடு கிளைக்கால், கிளிசரின் போன்ற மெதுவாக ஆவியாகும் திரவங்களும் உண்டு. படம் தொட்டால் உலர்ந்ததாகத் தோன்றினாலும், இவை கீழே இறங்க முடியாமல் பூச்சுக்குள் தங்கி, பல நாட்கள் மெல்ல வெளியேறும். உடனே சட்டமிட்டால் கண்ணாடியின் உட்புறத்தில், படத்தின் கருமையான பகுதிகளுக்கு நேரே, புகைபோன்ற படலம் படியும். உலர்ந்த படத்தின்மேல் சாதாரண வெள்ளைத் தாளை ஒரு நாள் முழுவதும் பரப்பி வைத்து, பிறகு எடுத்துப் பாருங்கள். அது அலையலையாக நெளிந்திருந்தால் திரவம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. புதுத்தாளை மாற்றி வைத்து, அடுத்துவரும் தாள் நெளியாமல் தட்டையாகக் கிடக்கும்வரை பொறுத்திருந்த பின்னரே கண்ணாடியைப் பொருத்த வேண்டும்.