துணைவரின் கடிதங்களைக் கிழிக்கும் முன் நூலகரிடம் கேளுங்கள்

மறைந்த ஓவியர் ஒருவரின் ஆவணங்கள் அண்மையில் எங்கள் நூலகத்துக்கு நன்கொடையாக வந்தன. கண்காட்சி அழைப்பிதழ்கள், விற்பனைச் சீட்டுகள், பயிற்சி ஓவியங்கள் எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. ஆனால், அவருடன் பல்லாண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்து, அவருடைய ஓவியங்களில் திரும்பத் திரும்ப இடம்பெற்ற ஆண் துணைவர் எழுதிய கடிதங்கள் ஒன்றுகூட இல்லை. கேட்டபோது, அவை சொந்த விஷயம் என்பதால் கிழித்துப் போட்டுவிட்டதாக உறவினர்கள் சொன்னார்கள். வட அமெரிக்காவில் கலை நூலகராகப் பணியாற்றும் நான் இத்தகைய இழப்பை முன்பும் கண்டிருக்கிறேன். இனியும் பேசாதிருக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

வட அமெரிக்கக் கலை நூலகங்களின் சங்கம் 1972-இல் தொடங்கப்பட்டது. கலை நூல்களையும் கண்காட்சி ஆவணங்களையும் பேணுவோர் கூடும் அந்தச் சங்கத்துக்குள், தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் ஆகியோரின் அக்கறைகளுக்கென ஒரு சிறப்புக் குழுவும் உண்டு. அதைக் குறிப்பிட்டவுடன் சக நூலகர்கள் சிலரும் கேட்கும் கேள்வி, ஒருவருடைய படுக்கையறையில் நூலகருக்கு என்ன வேலை என்பதுதான். பொறுமையாகவே பதில் சொல்லிவந்திருக்கிறேன். அந்தப் பொறுமை இப்போது குறைந்துவருகிறது. பிக்காசோவைப் பற்றிய நூல்களைப் புரட்டிப் பாருங்கள். ஓல்கா, மரி-தெரேஸ், டோரா மார் என்று அவர் வாழ்வில் வந்த பெண்களைக் கொண்டே அவருடைய ஓவியக் காலகட்டங்களைப் பிரித்துப் பேசுகிறார்கள். அதைப் படுக்கையறைச் செய்தி என்று எந்த நூலகரும் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. பிரெஞ்சு ஓவியர் ரோசா போனர், நத்தலி மிக்கா என்ற பெண்ணுடன், மிக்கா 1889-இல் இறக்கும் வரை, பல பத்தாண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார். பின்னர் அமெரிக்க ஓவியர் அன்னா கிளம்கே அவருடன் வாழ வந்தார். 1898-இல் ரோசாவின் உருவப்படத்தைத் தீட்டினார், அவருடைய சொத்துக்கு வாரிசானார், அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். மூவரும் பாரிஸின் பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் ஒன்றாகவே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இந்த உறவைக் குறிப்புகளிலிருந்து எடுத்துவிட்டால், ரோசாவின் ஓவியக்கூடத்தில் எஞ்சியிருந்த படைப்புகள் எப்படி அன்னாவின் கைக்குப் போயின என்பதை ஆய்வாளர் எங்கிருந்து தெரிந்துகொள்வார்? ஒரு படைப்பு யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தடம் பிடிப்பது எங்கள் தொழிலின் அடிப்படை வேலை.

இத்தகைய குழுக்கள் பொழுதுபோக்குக் கூட்டங்களாகத் தோன்றியவையும் அல்ல. அமெரிக்க நூலகச் சங்கத்தில் 1970-இல் தன்பாலீர்ப்பாளர் விடுதலைக்கான செயற்குழு அமைந்தபோது, நூல்களை அலமாரியில் அடுக்கப் பல நூலகங்கள் பின்பற்றும், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் வகைப்பாடு தன்பாலீர்ப்பு பற்றிய நூல்களை முறைபிறழ்ந்த பாலுறவுகளின் பிரிவில் வைத்திருந்தது. அந்தச் செயற்குழுவினர் தொடர்ந்து வற்புறுத்தியதால் 1972-இல் அந்த நூல்களுக்குத் தனி இடம் கிடைத்தது. தன்னைப் பற்றிய நூலைத் தேடி அலமாரிக்குப் போகும் ஓர் இளைஞர், நோய்களுக்கும் குற்றங்களுக்கும் நடுவே அதைக் கண்டெடுக்க நேர்ந்தால் அவர் மனம் என்ன பாடுபடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கலைத்துறையில் இழப்பு இன்னும் பெரியது. எய்ட்ஸ் காலத்தில் இளம் வயதிலேயே இறந்த கலைஞர்களின் படைப்புகளும் கடிதங்களும், உறவினர்களின் வெட்கத்தாலும் வீட்டு உரிமையாளர்களின் அவசரத்தாலும் குப்பைக்குப் போயின. 1988-இல் நியூயார்க்கில் தொடங்கிய விஷுவல் எய்ட்ஸ் அமைப்பு, எச்ஐவி தொற்றுடன் வாழும் கலைஞர்களின் படைப்புகளுக்குப் பதிவு இருக்க வேண்டும் என்பதற்காகவே 1994-இல் ஓர் ஆவணத் திட்டத்தை ஏற்படுத்தியது. எய்ட்ஸால் 1992-இல் மறைந்த கலைஞர் டேவிட் வோய்னரோவிச்சின் ஆவணங்கள் நியூயார்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பதால்தான் இன்று அவரைப் பற்றி விரிவாக எழுத முடிகிறது. லெஸ்பியன் கலைஞர்களின் நிலை இன்னும் மோசம். 1978-இல் கலைஞர் ஹார்மனி ஹாமண்ட் நியூயார்க்கில் ஒருங்கிணைத்தது போன்ற சிறு கண்காட்சிகளைப் பற்றி அறிய, பெரும்பாலும் அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளுமே நமக்குத் துணை. அவற்றைத் தூக்கிப் போடும் நூலகம் அந்த வரலாற்றையே தூக்கிப் போடுகிறது.

பட்டியலாக்கம் செய்யும் நண்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள். கலைஞரின் துணைவர் யார் என்று ஆவணமே சொல்லும்போது, உடன் தங்கியிருந்தவர் என்று மழுப்பி எழுதாதீர்கள். அதேபோல் ஊகத்தின் பேரில் எவருக்கும் அடையாளம் சூட்டாதீர்கள். கலைஞர் தாமே சொன்னதையோ எழுதியதையோ மட்டும் கொள்ளுங்கள். உயிருடன் இருப்பவர் என்றால் அவரிடமே கேளுங்கள், ஏனெனில் தன்பாலீர்ப்பு குற்றமாக உள்ள நாட்டில் அவருடைய குடும்பம் வாழக்கூடும். நபர்களுக்கான பெயர்ப் பதிவுகளில் பாலினத்தைக் குறிக்க வேண்டாம் என்று அமெரிக்கக் கூட்டுப் பட்டியலாக்கத் திட்டத்தின் பணிக்குழு 2022-இல் பரிந்துரைத்ததும் இந்தக் கவலையினால்தான். நூல் எதைப் பற்றியது என்று குறிக்கும் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகள் போதாத இடங்களில், இச்சமூகத்தினரே பேணிவரும் ஹோமோசாரஸ் சொற்களஞ்சியத்தையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். 1989-இல், தன்பாலீர்ப்பைக் காட்டும் படங்களால் சர்ச்சைக்குள்ளான ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் மேப்பிள்தார்ப்பின் கண்காட்சியை வாஷிங்டனில் ரத்து செய்த நாளிலிருந்து, சர்ச்சை நேரும் என்ற பயத்தில் இத்தகைய கலைஞர்களைப் பற்றிய நூல்களைப் பூட்டி வைக்கும் வழக்கத்தை ஆங்காங்கே காண்கிறேன். திருட்டுக்கும் சேதத்துக்கும் அஞ்சிப் பூட்டுவதானால் பூட்டுங்கள். ஆனால் நூல் இருப்பதைப் பட்டியலில் காட்டியே ஆக வேண்டும்.

கலைஞர்களின் குடும்பத்தாருக்கு, கோபமின்றி ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தயக்கத்தை நான் குறை சொல்லவில்லை. கடிதங்களை உடனே எல்லோரும் படிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இன்னின்ன பெட்டிகளை இத்தனை ஆண்டுகள் திறக்கக் கூடாது என்று நன்கொடை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையொப்பமிடலாம். ஆவணக் காப்பகங்கள் அத்தகைய நிபந்தனையை வழக்கமாகவே ஏற்கின்றன. துணைவர் உயிருடன் இருந்தால், எதையும் பிரிப்பதற்கு முன் அவரையும் அழைத்துப் பேசுங்கள். எந்தத் தாளையும் நீங்களாக அகற்றாமல், பெட்டிகளை இருக்கும் வரிசையிலேயே எங்களிடம் கொண்டுவாருங்கள்.