குழந்தை சொன்னது கைபேசியைத் தாண்ட வேண்டாம்

2020 அக்டோபரில் ஃபின்லாந்தில் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. 200 யூரோ கொடுக்காவிட்டால், மனநல சிகிச்சையாளரிடம் நீங்கள் பேசியதெல்லாம் இணையத்தில் வெளிவரும் என்றது. வாஸ்தாமோ என்ற நிறுவனத்திடமிருந்து சுமார் 33,000 பேரின் சிகிச்சைக் குறிப்புகள் திருடு போயிருந்தன. சிறுவர்களின் குறிப்புகளும் அதில் இருந்தன. எல்லாமே சரியான பாதுகாப்பில்லாத சர்வரில் கிடந்தவை.

குழந்தைகளின் மனநல சிகிச்சைக்குச் சாட்பாட் செய்கிறவர்கள் இந்தச் சம்பவத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில், சாட்பாட்டுக்கு அங்கே என்ன வேலை? ஓசிடி (வேண்டாத பயம் விடாமல் துரத்த, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநலக் கோளாறு) உள்ள பத்து வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே கை கழுவ ஓடுகிறான். பயப்படும் பொருளைப் படிப்படியாகத் தொடுவது, தொட்டபின் கழுவாமல் காத்திருப்பது: இதற்கு நன்றாகப் பலன் தரும் சிகிச்சை இதுதான். பயந்தது நடக்கவில்லை என்று மூளை மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறது. ஆனால் சிகிச்சையாளரைப் பார்ப்பது பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு மணி நேரம். மீதிப் பயிற்சி வீட்டில்தான். அங்கே சாட்பாட் கேட்கும்: "பதற்றம் 0 முதல் 10 வரை எவ்வளவு?" ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்கும். அம்மா இப்படித் திரும்பத் திரும்பக் கேட்டால் பல வீடுகளில் சண்டையாகிவிடும்.

இந்த வேலைக்குப் பெரிய மொழி மாதிரி (ஏராளமான எழுத்தைப் படித்து மொழியைக் கற்ற கணினி நிரல்) எதுவும் வேண்டாம். பதில்களைச் சிகிச்சையாளர்களே முன்கூட்டி எழுதி வைக்கலாம். பையன் சொன்னதைப் புரிந்துகொண்டு பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்ன மாதிரி போதும். மாதிரி கற்றதெல்லாம் எண்களாகத்தான் அதற்குள் இருக்கும். 100 கோடி எண்கள் கொண்ட மாதிரியில் ஒவ்வொரு எண்ணையும் 16 பிட்டில் வைத்தால் 2 ஜிபி பிடிக்கும். 4 பிட்டாகச் சுருக்கினால் அரை ஜிபிதான். இப்போதைய கைபேசிகள் பலவற்றில் இணையம் இல்லாமலே ஓடும். பேச்சு சர்வருக்கே போகாதபோது அங்கே திருட என்ன இருக்கிறது? சிகிச்சையாளருக்குப் பதற்ற எண்கள் மட்டும் மறையாக்கத்துடன் போனால் போதும். கைபேசி வீட்டில் எல்லோர் கையிலும் புழங்குமென்றால் செயலிக்குத் தனிப் பூட்டு வேண்டும்.

பெயரை நீக்கிவிட்டுப் பேச்சை சர்வருக்கு அனுப்பினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. பள்ளி, தங்கை, நாய்க்குட்டியின் பெயர் என்று குழந்தை தன் பேச்சிலேயே தன்னை அடையாளம் காட்டிவிடும்.

சரி, பேச்சு வெளியே வராமல் மாதிரி எப்படி மேம்படும்? ஒவ்வொரு கைபேசியும் தனக்குள்ளேயே கற்று, தன் எண்களில் வந்த திருத்தங்களை மட்டும் அனுப்பலாம். அந்தத் திருத்தங்களிலிருந்தும் தகவல் கசியக்கூடும். அதனால் கணக்கிட்ட அளவில் தற்செயல் எண்களைக் கலக்கிறார்கள். கணினி விஞ்ஞானி சிந்தியா டுவொர்க்கும் சக ஆய்வாளர்களும் 2006இல் இதற்குக் கணித அடிப்படை அமைத்தார்கள்.

இந்தக் கவலை புதிதல்ல. 1966இல் எலிசா என்ற உரையாடல் நிரலை வெளியிட்ட கணினி விஞ்ஞானி ஜோசப் வைசன்பாம், அதனுடன் நடக்கும் உரையாடல்களைத் தான் படித்துப் பார்க்கலாமா என்று யோசனை சொன்னதுமே, அது உளவு பார்ப்பது என்று பலர் கொதித்தார்கள். அவர்கள் பெரியவர்கள், எதிர்த்துப் பேச முடிந்தது.

பேச்சு கைபேசியைத் தாண்டக் கூடாது என்பதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளப் போவதாகவோ, யாரோ தன்னைத் துன்புறுத்துவதாகவோ குழந்தை சொன்னால் சாட்பாட் சும்மா இருக்கக் கூடாது. அப்போது இன்னாருக்குத் தெரிவிப்பேன் என்று முதல் நாளே குழந்தைக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும். அந்தத் தகவல் முதலில் சிகிச்சையாளருக்குப் போக வேண்டும். துன்புறுத்துகிறவர் வீட்டிலேயே இருக்கலாம்.