அந்த மூன்று தெருக்களுக்கு டெங்கு மறுபடியும் ஏன் வந்தது?

போன அக்டோபரில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தியை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வந்தார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டில் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். ஆனால் வயிற்று வலியும் வாந்தியும் நிற்கவில்லை. (டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் ஆபத்தான நேரம். பெற்றோர் இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.) உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டாள். அடுத்த பத்து நாளில் அதே மூன்று தெருக்களில் இன்னும் ஏழு பேர் படுத்தார்கள். பழைய பதிவேட்டைப் புரட்டினால், மூன்று வருடத்துக்கு முன்பும் அதே தெருக்கள், அதே ஐப்பசி மாதம்.

நான் வட்டார மருத்துவ அலுவலர். இந்த வட்டாரத்துக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. புகை அடித்தோம், கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்றினோம், கொசு உற்பத்தியைத் தேடும் டிபிசி பணியாளர்கள் வீடு வீடாகப் போய் டிரம், டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் பார்த்தார்கள். குறையவில்லை. கடைசியில், இங்கே முன்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டேன்.

“டாக்டர், அங்கே எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி வரும். பாதி வீட்டுல தரைக்கு அடியில தொட்டி கட்டியிருக்காங்க. மேலே கடப்பாக் கல் போட்டிருக்கும், பார்த்தா தரை மாதிரியே இருக்கும். அதைத் தூக்கிப் பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. தண்ணீர் வரும் நாளுக்கு முந்தின நாள், மகளிர் குழுப் பெண்களை வைத்து, தொட்டியை வடித்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவும் ஏற்பாட்டை அவர் செய்திருக்கிறார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் வடித்தால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். அந்த வருடம் காய்ச்சல் நின்றது. அப்புறம் அவர் ஓய்வு பெற்றார், அப்போதிருந்த மருத்துவ அலுவலர் மாற்றலாகிப் போனார், ஏற்பாடும் நின்றுபோனது. நான் பொறுப்பேற்றபோது கையெழுத்துப் போட்டு வாங்கிய பட்டியலில் தடுப்பூசி வைக்கும் ஐஸ் பெட்டி, மேசை, நாற்காலி, வண்டிச் சாவி எல்லாம் இருந்தன. அந்தத் தொட்டிகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

இது எனக்கு முதல் தடவை என்றால் எழுதியிருக்க மாட்டேன். மூன்று மாவட்டங்களில் வேலை பார்த்துவிட்டேன். மூன்றிலும் இதே கதைதான். பொது சுகாதாரத்துக்கென்று 1939-லேயே தனிச் சட்டம் கண்ட மாநிலம் இது. இவ்வளவு பழைய துறையில், ஒருவர் கற்றது அடுத்தவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் வலிக்கிறது.

“நாங்கள்தான் தினமும் தகவல் பகிர்கிறோமே” என்று சக அதிகாரிகள் சொல்வார்கள். என்னை மிகவும் கோபப்படுத்தும் வார்த்தை இது. நாம் தினமும் அனுப்புவது எண்ணிக்கை. எத்தனை காய்ச்சல், எத்தனை வீடு பார்த்தோம், எத்தனை வீட்டில் கொசுப் புழு. அது கீழிருந்து மேலே போகிறது, அங்கே கூட்டல் போடப்படுகிறது. ‘நூறு வீட்டில் நாலு வீட்டில் புழு’ என்ற கணக்கு மாவட்ட சுகாதார அதிகாரிக்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எந்த நாலு வீடு, ஏன் அந்த வீடு, போன தடவை என்ன செய்தபோது நின்றது என்பது அந்தக் கணக்கில் கிடையாது. பக்கத்து வட்டார அலுவலருக்கும் அது போவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் புகை அடிக்கும் படத்தைப் போடுவதும் பகிர்வு ஆகாது. எண்ணிக்கை வேறு, அறிவு வேறு. அறிவு என்பது அந்தக் கடப்பாக் கல்லைத் தூக்கிப் பார்க்கச் சொல்வது.

நம்மால் முடியாததும் இல்லை. பிரசவ கால மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து உட்கார்ந்து பேசும் வழக்கம் நம் மாநிலத்தில் வந்தது. எங்கே தாமதம், யார் வீட்டில் தயங்கினார்கள், வண்டி எப்போது வந்தது, ரத்தம் எங்கே கிடைத்தது என்று கிராம சுகாதார செவிலியரிலிருந்து மகப்பேறு மருத்துவர் வரை ஒரே அறையில் பேசினார்கள். 2004-06-இல் லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 111 ஆக இருந்த தாய் இறப்பு விகிதம் 2018-20-இல் 54 ஆனது. இதற்குக் காரணங்கள் பல. அந்தக் கூட்டங்களில் பிறந்த பாடங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் தலைமை தாங்குபவர் மெமோ கொடுக்கத் தொடங்கினால் அந்தக் கூட்டம் அன்றோடு செத்தது. அப்புறம் எல்லாப் படிவத்திலும் ‘நோயாளி தாமதமாக வந்தார்’ என்ற ஒரே வரிதான் இருக்கும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாற்றலாகிப் போகும்போது, வருகிறவரைத் தெருவுக்குக் கூட்டிப் போங்கள், அரை நாள் போதும். கூடவே ஊருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: தண்ணீர் எப்போது வரும், குழாய் எங்கே உடையும், எந்த வீட்டில் யார் சொன்னால் கேட்பார்கள். மாதாந்திர ரிவியூவில் இருபது நிமிடம், எண்ணைக் கேட்காமல், ‘எது சரிப்படவில்லை’ என்று மட்டும் கேளுங்கள். டிபிசி பணியாளரையும், ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் தொட்டி ஆபரேட்டரையும் அந்த அறையில் உட்கார வையுங்கள், நிற்க வைக்காதீர்கள். அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி நமக்குத் தெரியாது. பக்கத்து வட்டாரத்துக்காரரோடு மழைக்கு முன் ஒரு தடவையாவது நேரில் பேசுங்கள். கொசு நம் எல்லைக் கல்லைப் பார்த்துப் பறப்பதில்லை. இதற்கென்று இன்னொரு செயலி மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். செவிலியர் கையில் ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறது.

எங்கள் வட்டாரக் குறிப்பு இப்போது பதினொரு பக்கம். முதல் பக்கத்தில் அந்த மூன்று தெருக்கள். அடுத்த வாரம் புது சுகாதார ஆய்வாளர் வந்து சேருகிறார். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, தொட்டி கழுவும் நேரத்தில், பழைய ஆய்வாளரும் நாங்கள் இருவரும் அங்கே போகிறோம்.